ஸ்லோ குக்கரில் மாவுச்சத்து குறைந்த சமையல்

ஸ்லோ குக்கர் அல்லது மெதுசமைகலன் என்பது உணவை நீரின் கொதிநிலைக்குச் சற்றுக் கீழான வெப்பநிலையில், மூடிய கலத்தில், பல மணி நேரம் சமைக்க உதவும் ஒரு மின் சமையற் கருவியாகும். சமைப்பவர் அருகில் இல்லாதபோதும் இது இயங்கக்கூடியது. ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிய இக்கருவி, காலையில் வேலைக்குச் சென்று மாலையில் திரும்புவோரின் சமையற் கருவியாக 1970களில் பரவியது. மாவுச்சத்து குறைந்த உணவுமுறையைப் பின்பற்றுவோர் பிற்காலத்தில் இதனைப் பெரிதும் பயன்படுத்தத் தொடங்கினர். இறைச்சி, குறைந்த மாவுச்சத்துள்ள காய்கள், சிறிதளவு நீர் ஆகியவற்றைக் கொண்டு சமைப்பதற்கு இக்கருவியின் இயல்பு நன்கு பொருந்துகிறது. எனினும், ஆளில்லா வீட்டில் நடைபெறும் சமையல் என்பதால் உணவுப் பாதுகாப்பு பற்றிய சில விதிகளைத் தவறாது கடைப்பிடிக்க வேண்டியுள்ளது.

வரலாறு

ஸ்லோ குக்கரைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கப் பொறியாளர் இர்விங் நாக்சன் (1902–1989) ஆவார். இவர் 1936 ஆம் ஆண்டில் விண்ணப்பித்த சமையற் கருவிக்கான காப்புரிமை 1940 இல் வழங்கப்பட்டது. நாக்சனின் முன்னோர் லித்துவேனியாவைச் சேர்ந்த யூதர்கள். யூத சமயத்தில் வெள்ளிக்கிழமை மாலை முதல் சனிக்கிழமை மாலை வரை ஓய்வுநாள் ஆகும். அந்நாளில் தீ மூட்டிச் சமைப்பதில்லை. எனவே அவரை விதை, பார்லி, உருளைக்கிழங்கு, இறைச்சி முதலியவற்றைப் பானையிலிட்டு, வெள்ளிக்கிழமை மாலையே ஊர் ரொட்டிக்கடையின் அடுப்பில் வைத்துவிடுவர். அணைக்கப்பட்ட அடுப்பில் எஞ்சிய வெப்பத்திலேயே அது இரவு முழுவதும் வெந்துவிடும். சோலென்ட் எனப்படும் இவ்வுணவைப் பற்றித் தம் தாய் கூறக் கேட்டதே நாக்சனின் கண்டுபிடிப்புக்குத் தூண்டுதலாக இருந்தது என அவர் குடும்பத்தினர் கூறியுள்ளனர்.

நாக்சன் தமது கருவியை "நாக்சன் பீனரி" என்னும் பெயரில் விற்றார். பெயர் குறிப்பதுபோல அது பெரும்பாலும் அவரை விதைகளை வேகவைக்கவே பயன்பட்டது. 1970 இல் கன்சாஸ் சிட்டியைச் சேர்ந்த ரைவல் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கியது. இந்நிறுவனம் கருவியில் பிற உணவுகளையும் சமைத்துப் பார்த்து, சமையற்குறிப்பு நூலையும் சேர்த்து, 1971 இல் "கிராக்-பாட்" என்னும் வணிகப் பெயரில் வெளியிட்டது. அக்காலத்தில் அமெரிக்காவில் வீட்டுக்கு வெளியே பணியாற்றும் பெண்களின் எண்ணிக்கை உயர்ந்து வந்தது. வீட்டில் எவரும் இல்லாதபோதே இரவுணவு தயாராகிவிடும் என்பதே விளம்பரங்களின் மையக் கருத்தாக அமைந்தது. 1971 இல் 20 இலட்சம் டாலராக இருந்த விற்பனை 1975 இல் 9.3 கோடி டாலரை எட்டியது. உட்கலத்தைத் தனியே எடுத்துக் கழுவக்கூடிய வடிவம் 1974 இல் வந்தது. மேபல் ஹாஃப்மன் எழுதிய "கிராக்கரி குக்கரி" என்னும் சமையல் நூல் 1975 இல் வெளியாகிப் பெரும் விற்பனை கண்டது.

மாவுச்சத்து குறைந்த உணவுமுறைக்கு இதைவிடப் பழைய வரலாறு உண்டு. இலண்டனைச் சேர்ந்த வில்லியம் பேண்டிங், ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் குறைத்துத் தாம் உடல் எடை குறைந்த விதத்தை 1863 இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 1921 இல் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரஸல் வைல்டர், வலிப்பு நோய்க்கான சிகிச்சையாகக் கீட்டோன் உணவுமுறையை முன்மொழிந்தார். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸ் தமது முதல் உணவுமுறை நூலைக் கிராக்-பாட் அறிமுகமானதற்கு அடுத்த ஆண்டான 1972 இல் வெளியிட்டார். இம்முறை 2003–2004 காலத்தில் அமெரிக்காவில் பெரும் செல்வாக்குப் பெற்றது. இவ்விரு போக்குகளையும் இணைத்த நூல்களுள் டேனா கார்பெண்டர் 2005 இல் வெளியிட்ட, ஸ்லோ குக்கருக்கான மாவுச்சத்து குறைந்த 200 சமையற்குறிப்புகளைக் கொண்ட நூல் குறிப்பிடத்தக்கது.

அமைப்பு

ஸ்லோ குக்கரில் மூன்று முதன்மைப் பகுதிகள் உள்ளன.

வெளிக்கூடு: உலோகத்தாலானது. இதன் சுவர்களைச் சுற்றி மின் சூடேற்றுக் கம்பி அமைந்திருக்கும். வெப்பம் அடியிலிருந்து மட்டுமன்றிப் பக்கங்களிலிருந்தும் வருவதால் உணவு எளிதில் அடிப்பிடிப்பதில்லை.

உட்கலம்: தடித்த பீங்கானாலானது. வெப்பத்தை மெதுவாக ஏற்று மெதுவாக வெளியிடும். திடீர் வெப்ப மாற்றத்தைத் தாங்காது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் சூடான கூட்டில் வைத்தாலோ, சூடான கலத்தில் குளிர்நீர் ஊற்றினாலோ வெடிப்பு விடக்கூடும்.

மூடி: பெரும்பாலும் கண்ணாடியாலானது. ஆவி இதன் உட்புறத்தில் படிந்து நீராகி மீண்டும் உணவிலேயே சொட்டுகிறது. ஆதலால் நீர் வற்றுவது மிகக் குறைவு.

எளிய வகைகளில் "குறைவு", "கூடுதல்", "சூடாக வைத்தல்" ஆகிய மூன்று நிலைகள் உண்டு. மின்னணு வகைகளில் குறித்த நேரம் முடிந்ததும் கருவி தானாகவே "சூடாக வைத்தல்" நிலைக்கு மாறும்.

செயற்படும் விதம்

குறைவு நிலையில் ஏறத்தாழ 75 முதல் 150 வாட் வரையும், கூடுதல் நிலையில் 150 முதல் 350 வாட் வரையும் மின்திறன் செலவாகிறது. இரு நிலைகளிலும் உணவு இறுதியில் எட்டும் வெப்பநிலையில் பெரும் வேறுபாடு இல்லை. அது ஏறத்தாழ 93 முதல் 99 பாகை செல்சியஸ் வரை இருக்கும். அதை எட்ட எடுக்கும் நேரமே வேறுபடுகிறது. பொதுவாகக் கூடுதல் நிலையில் 3 முதல் 4 மணி நேரமும், குறைவு நிலையில் 7 முதல் 8 மணி நேரமும் ஆகும்.

இந்த மெதுவான போக்கின் காரணத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். பெரும்பாலும் நீராலான 2 கிலோ கிராம் உணவை 5 பாகையிலிருந்து 95 பாகைக்குச் சூடாக்க ஏறக்குறைய 720 கிலோ ஜூல் வெப்பம் தேவை. 150 வாட் கருவி வெப்ப இழப்பே இல்லாமல் இயங்கினாலும் இதற்கு 80 நிமிடம் ஆகும். கனமான பீங்கான் கலத்தையும் சேர்த்துச் சூடாக்க வேண்டியுள்ளது. பக்கங்கள் வழியாகவும் மூடி வழியாகவும் வெப்பம் வெளியேறுகிறது. எனவே நடைமுறையில் பல மணி நேரம் ஆகிறது. உணவு சூடேறச் சூடேற வெளியேறும் வெப்பமும் கூடுகிறது. உள்ளே வரும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் சமமாகும் இடத்தில் வெப்பநிலை நிலைபெறுகிறது. ஆளில்லாதபோதும் உணவு கருகாதிருப்பதற்கு இச்சமநிலையே காரணம்.

8 மணி நேரச் சமையலுக்குக் குறைவு நிலையில் 0.6 முதல் 1.2 யூனிட் வரை மின்சாரம் செலவாகும்.

இறைச்சியில் ஏற்படும் மாற்றம்

கால்நடையின் தோள், நெஞ்சு, கீழ்க்கால், வால் ஆகிய பகுதிகளில் இணைப்புத் திசு மிகுதி. இத்திசுவிலுள்ள கொலாஜன் என்னும் புரதமே அப்பகுதிகளைக் கடினமாக்குகிறது. ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்கு மேல், ஈரமான சூழலில், பல மணி நேரம் வைத்திருக்கும்போது கொலாஜன் ஜெலட்டினாக மாறுகிறது. அப்போது இறைச்சி முள்கரண்டியால் பிரிக்குமளவு மென்மையாகிறது. ஜெலட்டின் குழம்புக்கும் இயல்பான கொழகொழப்பைத் தருகிறது. மாறாக, கோழி நெஞ்சு போன்ற கொழுப்பும் இணைப்புத் திசுவும் குறைந்த பகுதிகள் நெடுநேரச் சமையலில் வறண்டு நார்நாராகிவிடும். கோழியின் தொடை, கால் ஆகியவையே இம்முறைக்கு ஏற்றவை.

உணவின் வெப்பநிலை 100 பாகையைத் தாண்டாததால், வறுக்கும்போது உண்டாகும் பொன்னிறமும் மணமும் இதில் தோன்றுவதில்லை. இக்குறையை நீக்க இறைச்சியை முதலில் வாணலியில் சிறிது வதக்கிப் பின்னர் கலத்திலிடுவர்.

மாவுச்சத்து குறைந்த உணவுமுறையுடன் பொருத்தம்

ஒரு நாளில் உட்கொள்ளும் கார்போஹைட்ரேட், அதாவது மாவுப்பொருளும் சர்க்கரையும் சேர்ந்த அளவு, 130 கிராமுக்குக் குறைவாக இருக்கும் உணவுமுறை பொதுவாக மாவுச்சத்து குறைந்த உணவுமுறை எனப்படுகிறது. 20 முதல் 50 கிராம் வரை மட்டும் உட்கொள்வது மிகக் குறைந்த மாவுச்சத்து முறையாகும். செரிக்காத நார்ச்சத்தைக் கழித்துக் கணக்கிடும் வழக்கமும் உண்டு. இக்கட்டுரையிலுள்ள அளவுகள் நார்ச்சத்தைக் கழிக்காதவை.

இம்முறையைப் பின்பற்றுவோருக்கு மாலை நேரமே கடினமானது. வேலை முடிந்து பசியுடன் திரும்புகையில் உடனே கிடைப்பவை பெரும்பாலும் ரொட்டி, சோறு, நூடுல்ஸ், பீட்சா போன்றவையே. வீடு திரும்பும்போது உண்ணத் தயாரான உணவு காத்திருப்பது இக்கட்டத்தைக் கடக்க உதவுகிறது. ஒருமுறை சமைத்து மூன்று நான்கு வேளைக்கு வைத்துக்கொள்வதும் எளிது.

ஆனால் ஸ்லோ குக்கருக்கென வழங்கும் மரபான சமையற்குறிப்புகள் பல மாவுச்சத்து மிகுந்தவை. இக்கருவிக்கு மூலமான சோலென்ட் உணவே அவரை விதை, பார்லி, உருளைக்கிழங்கு ஆகியவற்றாலானது. எனவே கருவியைப் பயன்படுத்துவதாலேயே உணவில் மாவுச்சத்து குறைந்துவிடுவதில்லை. கலத்தில் இடும் பொருள்களை மாற்ற வேண்டும்.

காய்கறிகளும் தானியங்களும்

100 கிராமில் உள்ள கார்போஹைட்ரேட் அளவு தோராயமாகப் பின்வருமாறு:

வெண்ணிறச் சோறு: 28 கிராம்
வேகவைத்த ராஜ்மா (சிவப்பு அவரை விதை): 23 கிராம்
உருளைக்கிழங்கு: 17 கிராம்
கேரட்: 10 கிராம்
வெங்காயம்: 9 கிராம்
நூக்கோல்: 6 கிராம்
முட்டைக்கோசு: 6 கிராம்
கத்தரிக்காய்: 6 கிராம்
காலிஃபிளவர்: 5 கிராம்
தக்காளி: 4 கிராம்
பசலைக்கீரை: 4 கிராம்
காளான்: 3 கிராம்
முள்ளங்கி: 3 கிராம்
இறைச்சி, கோழி, மீன்: இல்லை எனலாம்

உருளைக்கிழங்குக்கு மாற்றாக முள்ளங்கி, நூக்கோல் ஆகியவை நன்கு பயன்படுகின்றன. இவை 8 மணி நேரம் வெந்தாலும் உருக்குலைவதில்லை. முள்ளங்கியின் காரம் வேகும்போது மறைந்து மென்சுவை தருகிறது. பெரிய துண்டுகளாக வெட்டிய முட்டைக்கோசும் நெடுநேரம் தாங்கும். காலிஃபிளவர், குடைமிளகாய், கீரை வகைகள் ஆகியவை நாள் முழுவதும் வெந்தால் குழைந்துவிடும். இவற்றை வீடு திரும்பியபின் இறுதி 15 முதல் 45 நிமிடங்களில் சேர்ப்பது வழக்கம்.

குழம்பைக் கெட்டியாக்குதல்

மூடிய கலத்தில் நீர் வற்றாததால் குழம்பு நீர்த்திருக்கும். இதற்காகச் சோளமாவு அல்லது கோதுமை மாவு சேர்ப்பது பொதுவழக்கம். ஒரு மேசைக்கரண்டிச் சோளமாவில் ஏறத்தாழ 7 கிராம் கார்போஹைட்ரேட் உள்ளது. இதற்கு மாற்று வழிகளாவன:

தொடக்கத்திலேயே மிகக் குறைந்த நீர் ஊற்றுதல். காய்களும் இறைச்சியும் விடும் நீரே பெரும்பாலும் போதுமானது.
வெந்த காய்களில் ஒரு பகுதியை மசித்துக் கலத்தல்.
குழம்பை வடித்து அடுப்பில் சில நிமிடம் கொதிக்கவைத்துச் சுண்டச் செய்தல்.
இறுதியில் பாலேடு அல்லது பாலாடைக்கட்டி சேர்த்தல். பால் பொருள்களைக் காலையிலேயே இட்டால் திரிந்துவிடும்.
சாந்தன் கோந்தினை மிகச் சிறிதளவு தூவிக் கலக்குதல்.

கடையில் விற்கும் பார்பெக்யூ சாஸ், கெட்சப் முதலியவற்றில் சர்க்கரை மிகுதி. இறைச்சியையும் காய்களையும் மட்டுமே கணக்கிட்டு இவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதால் உண்மையான அளவு கூடிவிடுகிறது.

எடுத்துக்காட்டு: டெக்சஸ் சில்லி

சில்லி எனப்படும் மிளகாய் இறைச்சிக் குழம்பு டெக்சஸ் மாநிலத்தின் அதிகாரமுறையான உணவாக 1977 இல் அறிவிக்கப்பட்டது. அம்மாநில மரபில் இதில் அவரை விதை சேர்ப்பதில்லை. நாட்டின் பிற பகுதிகளில் ராஜ்மா சேர்ப்பது வழக்கம். டெக்சஸ் முறை இயல்பாகவே மாவுச்சத்து குறைந்தது.

ஆறு பேருக்கான ஒரு கலவை பின்வருமாறு அமையலாம்: துண்டுகளாக்கிய மாட்டுத் தோள் இறைச்சி 1 கிலோ கிராம், தக்காளி 400 கிராம், வெங்காயம் 150 கிராம், குடைமிளகாய் 150 கிராம், மிளகாய்த்தூள் 2 மேசைக்கரண்டி, சீரகம், பூண்டு, உப்பு. குறைவு நிலையில் 8 மணி நேரம் சமைக்கப்படும். இதில் தக்காளியிலிருந்து 16, வெங்காயத்திலிருந்து 14, குடைமிளகாயிலிருந்து 7, மிளகாய்த்தூளிலிருந்து 8 என மொத்தம் 45 கிராம் கார்போஹைட்ரேட் கிடைக்கிறது. ஒருவருக்கு 7.5 கிராம் ஆகும். இதே கலவையில் வெந்த ராஜ்மா 350 கிராம் சேர்த்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 21 கிராம் ஆகிவிடும். சோற்றுடனோ ரொட்டியுடனோ உண்டால் இது மேலும் பெருகும்.

மாட்டிறைச்சி உண்ணாதோர் ஆட்டுத் தோள் இறைச்சியையோ கோழித் தொடையையோ பயன்படுத்தலாம். கோழிக்குக் குறைவு நிலையில் 5 முதல் 6 மணி நேரம் போதுமானது.

சைவ உணவு

பருப்பு, கடலை, அவரை விதைகள் ஆகியவற்றில் புரதத்துடன் மாவுச்சத்தும் மிகுதியாக உள்ளதால், மாவுச்சத்து குறைந்த சைவச் சமையல் சற்றுக் கடினமானது. காளான், கத்தரிக்காய், முட்டைக்கோசு, தக்காளி ஆகியவற்றைக் கலத்தில் வேகவைத்து, இறுதியில் பனீர் அல்லது டோஃபு சேர்ப்பது ஒரு வழியாகும். காய்கள் இறைச்சியைவிட மிகுதியாக நீர் விடுவதால் தனியே நீர் சேர்க்கத் தேவையில்லை.

வேலைநாளில் பின்பற்றும் ஒழுங்கு

வேலைக்குச் செல்வோரிடையே வழங்கும் முறை பின்வருமாறு:

முதல் நாள் இரவு: காய்களையும் இறைச்சியையும் வெட்டித் தனித்தனிப் பாத்திரங்களில் குளிர்பதனப் பெட்டியில் வைத்தல். உறைந்த இறைச்சியானால் அதனைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து முழுவதும் உருகச் செய்தல். இறைச்சியை முதல் நாளே அரைகுறையாக வதக்கி வைப்பது பாதுகாப்பற்றது. வதக்குவதானால் கலத்தில் இடுவதற்குச் சற்று முன்பே செய்தல் வேண்டும்.

காலை: கிழங்குக் காய்களை அடியில் பரப்பி, அவற்றின்மேல் இறைச்சியை வைத்தல். கடினமான காய்கள் இறைச்சியைவிட மெதுவாக வேகும் என்பதால் இவ்வடுக்கு முறை பின்பற்றப்படுகிறது. கலம் பாதி முதல் மூன்றில் இரு பங்கு வரை நிரம்பியிருக்க வேண்டும். இயன்றால் முதல் ஒரு மணி நேரம் கூடுதல் நிலையில் வைத்துப் பின் குறைவு நிலைக்கு மாற்றலாம். உடனே வெளியே செல்ல வேண்டுமாயின் தொடக்கம் முதலே குறைவு நிலையில் வைப்பதும் பாதுகாப்பானதே என ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறை குறிப்பிடுகிறது.

பகல்: மூடியைத் திறத்தல் ஆகாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெளியேறும் வெப்பத்தை மீட்க 15 முதல் 20 நிமிடம் வரை ஆகலாம். வீட்டில் ஆளில்லாதிருப்பது இவ்வகையில் நன்மையே.

மாலை: மேலே மிதக்கும் கொழுப்பைத் தேவைக்கேற்ப அகற்றி, கீரை, பால் பொருள்கள் ஆகியவற்றைச் சேர்த்து, வெப்பமானியால் வெப்பநிலையைச் சோதித்தபின் பரிமாறுதல். கோழி இறைச்சியின் உட்பகுதி 74 பாகை செல்சியசை எட்டியிருக்க வேண்டும்.

மீன், முட்டை ஆகியவை ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெந்துவிடுவதால் நாள் முழுவதும் வெளியே இருப்போருக்கு ஏற்றவை அல்ல.

பாதுகாப்பு

நுண்ணுயிர்கள்

நோய் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் 5 பாகைக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் விரைவாகப் பெருகுகின்றன. மெதுவாகச் சூடேறும் கலத்தில் உணவு இவ்விடைவெளியைக் கடக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. எனவே உறைந்த இறைச்சியை நேரடியாகக் கலத்தில் இடலாகாது. ஒரு கிலோ கிராம் இறைச்சியிலுள்ள பனியை உருக்கவே கூடுதலாக ஏறக்குறைய 230 கிலோ ஜூல் வெப்பம் தேவைப்படும். நடுப்பகுதி உறைந்திருக்கும்போதே வெளிப்பகுதி நுண்ணுயிர்களுக்கு உகந்த வெப்பநிலையில் நெடுநேரம் கிடக்கும்.

பச்சை இறைச்சியைக் காலையில் கலத்தில் இட்டு, நண்பகலில் கருவி இயங்கத் தொடங்குமாறு நேரம் குறித்துச் செல்வதும் இதே காரணத்தால் தவறானது. எளிதில் கெடும் உணவு அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் இருத்தலாகாது.

மின்தடை

வீட்டில் ஆளில்லாதபோது நேரும் மின்தடை கவனிக்கத்தக்க இடராகும். மின்னணுக் கட்டுப்பாடுள்ள கருவிகள் பல மின்சாரம் மீண்டாலும் தாமாக இயங்குவதில்லை. திருகு வகைக் கருவிகளோ மீண்டும் இயங்கத் தொடங்கிவிடும். பின்னதில் மாலையில் உணவு சூடாகவே இருக்குமாதலால் இடையில் நேர்ந்த தடை வெளியே தெரியாது. சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் நஞ்சு மீண்டும் சூடாக்குவதால் அழிவதில்லை. ஆதலால், ஆளில்லாதபோது மின்தடை ஏற்பட்டிருந்தால், உணவு வெந்ததுபோல் தோன்றினாலும் அதை எறிந்துவிட வேண்டும் என்பதே வேளாண்மைத் துறையின் அறிவுரை. மின் கடிகாரம் ஒன்று நேரம் தவறியிருப்பது தடையை அறிய எளிய அடையாளமாகும். ஆள் இருக்கும்போது தடை ஏற்பட்டால், உடனே எரிவாயு அடுப்பு போன்ற வேறு வழியில் சமைத்து முடிக்கலாம்.

ராஜ்மாவின் நச்சுத்தன்மை

பச்சை ராஜ்மாவில் உள்ள ஒரு லெக்டின் புரதம் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். நான்கைந்து விதைகளே இதற்குப் போதும். முழுக் கொதிநிலையில் இது அழிகிறது. ஆனால் 80 பாகை அளவில் மட்டும் சூடாக்கினால் நச்சுத்தன்மை பச்சை விதையைவிடக் கூடவும் செய்யும். எனவே உலர்ந்த ராஜ்மாவை நேரடியாக ஸ்லோ குக்கரில் இடலாகாது. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, புதிய நீரில் 30 நிமிடம் கொதிக்கவைத்தபின்பே சேர்க்க வேண்டும் என ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் பரிந்துரைக்கிறது. அவரை விதைகளை வேகவைக்கவே முதலில் விற்கப்பட்ட இக்கருவியில் ராஜ்மாவுக்கு இத்தனை எச்சரிக்கை தேவைப்படுவது குறிப்பிடத்தக்கது. மாவுச்சத்தைக் குறைப்போர் ராஜ்மாவைத் தவிர்ப்பதால் இவ்விடரும் அவர்களுக்கு இல்லாது போகிறது.

தீ

2018 சனவரியில் "திஸ் இஸ் அஸ்" என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், பழுதான பழைய ஸ்லோ குக்கரால் ஒரு வீடு தீப்பற்றுவதாகக் காட்டப்பட்டது. இதனால் மக்களிடையே அச்சம் எழவே, கிராக்-பாட் நிறுவனம் தன் கருவிகளின் பாதுகாப்புப் பற்றி விளக்கம் அளித்தது. அந்நிகழ்ச்சி கற்பனையே. இக்கருவியின் மின்திறன் மிகக் குறைவு. எனினும், சமதளமான, வெப்பம் தாங்கும் பரப்பில், சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் விலக்கி வைப்பதும், நீட்டிப்புக் கம்பியின்றி நேரடியாக மின்செருகியில் இணைப்பதும், கம்பியோ திருகோ பழுதான கருவியைப் பயன்படுத்தாதிருப்பதும் வேண்டும்.

எஞ்சிய உணவு

எஞ்சியதை 2 மணி நேரத்துக்குள் ஆழமற்ற பாத்திரங்களில் பிரித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். ஆறிய உணவைச் சூடாக்க ஸ்லோ குக்கர் ஏற்றதன்று. அடுப்பிலோ நுண்ணலை அடுப்பிலோ 74 பாகைக்குச் சூடாக்க வேண்டும்.

உடல்நலம் குறித்த கருத்துகள்

கார்போஹைட்ரேட்டைக் குறைப்பது நீரிழிவு நோயாளிகளின் இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. இதை அமெரிக்க நீரிழிவுக் கழகத்தின் 2019 ஆம் ஆண்டு அறிக்கையும் ஏற்றுள்ளது. உடல் எடையைப் பொறுத்தவரை நிலை வேறு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் 609 பேரிடம் 12 மாதம் நடத்தி 2018 இல் வெளியிட்ட ஆய்வில், மாவுச்சத்து குறைந்த உணவு உண்டோர் சராசரியாக 6.0 கிலோ கிராமும், கொழுப்பு குறைந்த உணவு உண்டோர் 5.3 கிலோ கிராமும் குறைந்தனர். இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று. கொழுப்பு மிகுந்த இறைச்சியையே பெரிதும் உண்பதால் சிலருக்கு எல்டிஎல் கொழுப்பு உயர்வதும் காணப்படுகிறது.

இன்சுலின் அல்லது சல்போனைல்யூரியா வகை மாத்திரை பயன்படுத்தும் நீரிழிவு நோயாளி, மருந்தின் அளவை மாற்றாமல் மாவுச்சத்தை மட்டும் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். எஸ்ஜிஎல்டி-2 தடுப்பி வகை மருந்து உட்கொள்வோருக்குக் கீட்டோன் அமிலத்தன்மை ஏற்படும் இடர் உண்டு. இத்தகையோரும், சிறுநீரக நோயாளிகளும், கருவுற்றோரும் மருத்துவரின் அறிவுரை பெற்ற பின்பே இவ்வுணவுமுறையைத் தொடங்க வேண்டும்.

பிரஷர் குக்கருடன் ஒப்பீடு

தமிழர் வீடுகளில் பரவலாக உள்ள பிரஷர் குக்கர், ஆவியின் அழுத்தத்தால் வெப்பநிலையை ஏறத்தாழ 120 பாகைக்கு உயர்த்தி, நேரத்தைக் குறைக்கிறது. ஸ்லோ குக்கர் வெப்பநிலையைக் குறைத்து, நேரத்தைக் கூட்டுகிறது. கடினமான இறைச்சியை இரண்டுமே மென்மையாக்கும். அடுப்பில் வைக்கும் பிரஷர் குக்கருக்குச் சமைப்பவர் அருகில் இருத்தல் வேண்டும். ஸ்லோ குக்கருக்கு அது தேவையில்லை. சமையலின் மொத்த நேரம் ஸ்லோ குக்கரிலேயே அதிகம் எனினும், சமைப்பவர் செலவிடும் நேரம் அதில் குறைவு. 2010 இல் கனடாவில் அறிமுகமான இன்ஸ்டன்ட் பாட் போன்ற பல்பயன் கருவிகள் இவ்விரு முறைகளையும் ஒரே கலத்தில் இணைத்துள்ளன.

இவற்றையும் பார்க்க

பிரஷர் குக்கர்
கார்போஹைட்ரேட்
கீட்டோன் உணவுமுறை
நீரிழிவு நோய்
உணவு நஞ்சாதல்